வயதான பாட்டிலுக்கு எளிய தட்டு

ஸ்பெயினின் வடக்கே, லோக்ரோனியோ நகரத்து உணவகம் ஒன்றில் ஒயின் பரிமாறும் வேலையிலேயே தலை நரைத்தவர் அவர். ரியோஹா பாட்டில் எதைக் கையில் எடுத்தாலும் முன்பக்கத்துப் படத்தையும் தங்க எழுத்தையும் பார்க்க மாட்டார். திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைத்தான் பார்ப்பார். ரியோஹா ஒயின்களின் ஒழுங்குமுறைக் குழு கொடுக்கும் சீட்டு அது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. சிவப்பு என்றால் கிரியான்சா. கருஞ்சிவப்பு என்றால் ரெசெர்வா. நீலம் என்றால் கிரான் ரெசெர்வா. பச்சை என்றால் இந்த வயதுக் கணக்குக்குள் வராத ஒயின். சமையலறைக்கு என்ன சொல்லி அனுப்புவது என்பது அந்த நிறத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தீர்மானமாகும்.

எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு என்று கேட்டால் எல்லோரும் திராட்சையின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ரியோஹாவில் முதலில் கேட்க வேண்டியது வயதைத்தான் என்பது அவர் கட்சி. இளசாக இருக்கும் ஒயின் மிளகாய்ப் பழத்தையும் பூண்டையும் கொழுப்பையும் தாங்கும். வயது ஏற ஏறத் தட்டில் இருப்பது குறைய வேண்டும். விலை கூடிய பாட்டிலுக்கு விலை கூடிய சமையல் என்று நினைக்கும் விருந்தாளிகளோடு அவர் தினமும் மல்லுக்கட்டுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

கணக்கு எளிது. கிரியான்சா குறைந்தது இரண்டு ஆண்டு போதேகாவில், அதாவது ஒயின் கூடத்தில், கிடக்க வேண்டும்; அதில் ஓர் ஆண்டாவது ஓக் மரப் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு மூன்று ஆண்டு. அதில் ஓர் ஆண்டு பீப்பாய், ஆறு மாதமாவது பாட்டில். கிரான் ரெசெர்வாவுக்கு ஐந்து ஆண்டு. இரண்டு ஆண்டு பீப்பாயிலும் இரண்டு ஆண்டு பாட்டிலிலும் கழிய வேண்டும். பீப்பாய்கள் 225 லிட்டர் பிடிப்பவை. இதெல்லாம் குறைந்தபட்சம்தான், ஆரோ ஊரின் பழைய நிறுவனங்கள் இதற்கு மேலும் பல ஆண்டுகள் பூட்டி வைத்திருந்துதான் வெளியே விடுகின்றன. வேறு பல ஊர் ஒயின்களை வாங்கியவர் தன் வீட்டில் வைத்துப் பழுக்கவைத்துக்கொள்ள வேண்டும். இங்கே விற்பவரே தன் இடத்தில், தன் முதலைப் போட்டுப் பழுக்கவைத்துத் தருகிறார். உணவகக்காரர்களுக்கு இது பெரிய தயவு.

பச்சைச் சீட்டைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் அவர் சேர்த்தே சொல்வார். வயதுக் கட்டுப்பாடு வேண்டாம், என் தோட்டத்துக்கு எது சரியோ அதைச் செய்கிறேன் என்னும் புதிய தலைமுறை உற்பத்தியாளர்களின் மிக விலையுயர்ந்த ஒயின்களும் அதே பச்சையோடுதான் வருகின்றன.

திராட்சைக்கு வருவோம். ரியோஹா சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே திராட்சையில் ஆனதல்ல. நான்கு பேர் கூட்டு: டெம்ப்ரானியோ, கர்நாச்சா, கிராசியானோ, மசுவேலோ. சிவப்புத் திராட்சை பயிராகும் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் டெம்ப்ரானியோதான். அப்படியிருக்க மற்ற மூன்றும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, கலப்பதற்கு முன்னால் நான்கையும் தனித்தனிக் கோப்பையில் குடித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

குளிர்காலத்தில் போதேகாக்களுக்குப் போகும்போது அப்படிக் குடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். டெம்ப்ரானியோவில் நிறம் உண்டு, செர்ரி வாசனை உண்டு, நல்ல துவர்ப்பு உண்டு. ஆனால் புளிப்பு போதாது. விழுங்கியதும் வாய் சட்டென்று காலியாகிவிடும். கர்நாச்சா நேர் எதிர். நன்றாகப் பழுத்த பழத்தின் வாசனையும் மதுவின் சூடும் நாக்கை நிறைக்கும், துவர்ப்பு மிகக் குறைவு. தனியாக விட்டால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் பழுப்பேறிவிடும். மசுவேலோ முகம் சுளிக்க வைக்கும். அவ்வளவு புளிப்பு, அதன் மேல் பச்சைப் பாக்கை மென்றதைப் போன்ற துவர்ப்பு. ஆனால் அந்தப் புளிப்புதான் இருபது ஆண்டுக்குப் பிறகும் ஒயினை நிமிர்த்தி வைப்பது. கடைசியில் கிராசியானோ: கருத்த நிறம், தூக்கலான வாசனை, கூர்மையான புளிப்பு. காய்ப்பு குறைவு, பழுப்பது தாமதம் என்பதால் விவசாயிகள் இதைப் பிடுங்கி எறிந்த காலம் உண்டு. பிறகு மதிப்பு தெரிந்து திரும்ப நட்டார்கள். கோந்தினோ போதேகா இதை மட்டுமே வைத்துத் தனி ஒயினும் போடுகிறது.

நிலமும் மூன்று விதம். வடக்கே கந்தாப்ரியா மலைத்தொடர் அட்லாண்டிக் கடலின் ஈரக் காற்றைத் தடுத்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில், எப்ரோ ஆற்றின் வடகரையில் ரியோஹா அலவேசா. மேற்கே, ஆரோவைச் சுற்றி ரியோஹா அல்தா. கிழக்கே மத்தியதரைக் கடல் வெப்பம் எட்டிப்பார்க்கும் ரியோஹா ஒரியெந்தால். இதை 2018 வரை ரியோஹா பாஹா என்றார்கள். கர்நாச்சாவுக்கு உகந்தது இந்தக் கிழக்கு. பழைய நிறுவனங்கள் மூன்று பகுதியிலிருந்தும் திராட்சை எடுத்துக் கலப்பதைத் தொழில் நுட்பமாகவே வைத்திருந்தன. ரியோஹா அல்தா நிறுவனத்தின் ‘வின்யா ஆர்தான்சா’ ரெசெர்வா இன்றும் நல்ல உதாரணம். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு டெம்ப்ரானியோ, மீதி கிழக்கே தூதெலியாவில் விளையும் கர்நாச்சா. அதே நிறுவனத்தின் ‘904’ கிரான் ரெசெர்வாவில் கர்நாச்சா கிடையாது. பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிராசியானோ. இந்த இரண்டையும் ஒரே தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் தோற்கும். எது தோற்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கலப்பு ஒயினை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல். அமெரிக்காவின் ‘வைன் ஸ்பெக்டேட்டர்’ இதழ் 2013இல் ஆண்டின் முதல் ஒயினாகத் தேர்ந்தெடுத்தது கூனே நிறுவனத்தின் ‘இம்பீரியல்’ கிரான் ரெசெர்வா 2004. டெம்ப்ரானியோ, கிராசியானோ, மசுவேலோ கலந்தது. 2020இல் அதே இடத்தைப் பிடித்தது மார்கேஸ் தே முரியேத்தாவின் ‘காஸ்தியோ இகாய்’ 2010, டெம்ப்ரானியோவோடு மசுவேலோ. முகம் சுளிக்க வைத்த அதே மசுவேலோதான்.

இந்த ஒயின் இப்படி ஆனதற்குக் காரணம் பாதி பிரான்ஸ், பாதி ரயில். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே லபஸ்தீதா ஊர்ப் பாதிரியார் மனுவேல் கிந்தானோ போர்தோ முறையில் பீப்பாயில் ஒயின் போட்டுக் காட்டினார். ஆனால் எல்லா ஒயினுக்கும் ஒரே விலைதான் என்று உள்ளூர் நிர்வாகம் அடம் பிடித்ததால் அந்த முயற்சி படுத்துவிட்டது. பீப்பாய்க்குச் செலவு செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே விலை என்றால் யார் செய்வார்கள்? மறுபடி தூக்கி நிறுத்தியவை 1850களில் வந்த முரியேத்தா, ரிஸ்கல் என்னும் இரண்டு நிறுவனங்கள். பிறகு பிலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைத் தின்று தீர்க்கவே, போர்தோ வியாபாரிகள் மலை தாண்டி இங்கே சரக்குத் தேடி வந்தார்கள். ஆரோவுக்கு ரயில் வந்தது 1863இல். லோபெஸ் தே எரேதியா 1877இல், கூனே 1879இல், ரியோஹா அல்தா 1890இல் என்று போதேகாக்கள் ரயில் நிலையத்தைச் சுற்றியே முளைத்தன. பீப்பாயை உருட்டினால் நேரே வண்டியில் ஏற்றிவிடலாம். ஸ்பெயினில் முதன்முதலாகத் தெருவுக்கு மின்விளக்கு போட்ட ஊர்களில் ஆரோவும் ஒன்று. நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது வேறு கதை.

பிரெஞ்சுக்காரர்களிடம் முறையைக் கற்றுக்கொண்டாலும் மரத்தை மட்டும் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். அமெரிக்க ஓக்கில் வெனிலா, தேங்காய் வாசனை தூக்கலாக இருக்கும். பழைய ரியோஹாவை மூக்கருகே கொண்டுபோனதும் அடையாளம் சொல்லிவிட முடிவது இதனால்தான். லோபெஸ் தே எரேதியாவில் இன்றும் தங்கள் பீப்பாயைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். மண்டி தங்கிய ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்குக் கையாலேயே மாற்றுவதும், முட்டை வெள்ளைக்கரு விட்டுத் தெளியவைப்பதும் ரியோஹாவின் பழைய போதேகாக்களில் இன்றும் நடக்கிற காரியங்கள். மாற்றும்போது ஒயின் கலங்குகிறதா என்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணாடிக் கோப்பையைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் இதை வேடிக்கையாகப் படம் பிடிப்பார்கள். பீப்பாய்க்காரனுக்கோ அந்தச் சுடரை விட்டால் வேறு கண் கிடையாது.

இனி தட்டு.

ரியோஹாவில் ஒயினுக்கென்றே பிறந்த சாப்பாடு ஒன்று உண்டென்றால் அது திராட்சைக் கொடி விறகில் சுட்ட ஆட்டுக்குட்டி விலாக்கறி. குளிர்காலத்தில் கொடிகளைக் கவாத்து செய்யும்போது வெட்டி விழும் குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் காயவைப்பார்கள். அவைதான் விறகு. பற்றவைத்தால் ஆள் உயரத்துக்கு எரிந்து, சற்று நேரத்தில் அடங்கி, மெல்லிய சிவந்த தணலாகிவிடும். அந்தத் தணல் அதிக நேரம் நிற்காது; அதனால்தான் கறியும் மெல்லியதாக இருக்க வேண்டும். பால்குடி மறவாத குட்டியின் விலாத் துண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு வாய்க்குமேல் வராது. மடக்குக் கம்பி வலைக்குள் நெருக்கமாக அடுக்கி, தணல் மேல் வைத்து, கொழுப்பு சொட்டிப் புகை எழும்பியதும் ஒரே புரட்டில் வலையைத் திருப்புவார்கள். கல்லுப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. எலும்பைக் கையால் பிடித்து, விரல் சுடச் சுடத் தின்ன வேண்டும். கத்தி கேட்டால் சிரிப்பார்கள்.

இந்தக் கறிக்கு நம்மவர் கொடுப்பது ரெசெர்வா. அதற்குக் காரணமும் வைத்திருக்கிறார். சிவப்பு ஒயினின் துவர்ப்பு, எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் கூடவே வந்தால் துவர்ப்பு அங்கே திரும்பிவிடும், வாய் தப்பித்துவிடும். உப்பும் அதன் கடுமையைக் குறைக்கும். பீப்பாயின் புகை வாசனையும் கொடி விறகின் புகையும் ஒன்றோடொன்று இணங்கிப் போகும். கிரியான்சாவும் பொருந்தும். மிகப் பழைய கிரான் ரெசெர்வாவை மட்டும் இந்தத் தணலுக்குப் பக்கத்தில் கொண்டுவர மாட்டார். கரிந்த கொழுப்பின் வாசனை அதன் மெல்லிய வாசனைகளை அமுக்கிவிடும் என்பார். அதே குட்டியைத் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்து, அடுப்புக்குள் மெதுவாக வேகவைத்த கால்கறியாகக் கொண்டுவந்தால் அப்போது பழைய பாட்டிலை எடுப்பார்.

அடுத்தது உருளைக்கிழங்கு. ரியோஹா முறையில் உருளைக்கிழங்குக் குழம்பு என்றால் விவசாயி வீட்டுச் சாப்பாடு: உருளைக்கிழங்கு, சொரீசோ என்னும் மிளகாய்ப் பொடி சேர்த்த பன்றிக்கறிப் பதனம், வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலை, ஊறவைத்து உள்சதை வழித்தெடுத்த காய்ந்த சிவப்பு மிளகாய்ப் பழம். கிழங்கைக் கத்தியால் முழுக்க வெட்டக் கூடாது. பாதி கத்தியை இறக்கி, மீதியை ‘டக்’கென்று உடைக்க வேண்டும். உடைந்த முகத்திலிருந்து மாவு கரைந்துதான் குழம்பு கெட்டிப்படும். கூனே நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவுக்குச் சமைக்க வந்த பிரெஞ்சு சமையல் மேதை போல் பொகூஸ், தன் பதார்த்தங்களை விட்டுவிட்டு இந்தக் கிழங்கையே சாப்பிட்டார் என்று ஆரோவில் ஒரு கதை உலவுகிறது. உண்மையோ மிகையோ, அந்தக் கிழங்கைத் தின்றவர்கள் நம்பாமல் இருக்க மாட்டார்கள்.

முன்னே சொன்ன ஆர்தான்சாவும் 904உம் மோதுவது இந்தத் தட்டில்தான். சொரீசோவின் மிளகாய்ப் பொடி, புகை, பன்றிக் கொழுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் கர்நாச்சாவின் பழமும் சூடும் உள்ள ஆர்தான்சா அசையாமல் நிற்கும். 904 வாயில் தண்ணீராகிவிடும். அத்தனை ஆண்டு காத்திருந்து சேர்த்த அத்திப்பழ வாசனையும் தோல் வாசனையும் ஒரு கரண்டிக் குழம்பில் கரைந்து போகும். ஆனால் ஆர்தான்சா கூடத் தேவையில்லை. இந்தக் குழம்புக்குச் சரியான ஜோடி அலவேசா கிராமத்து விவசாயிகள் போடும் புது ஒயின்தான் என்பது அவர் தீர்ப்பு. திராட்சைக் குலையைக் காம்போடு, நசுக்காமல் தொட்டிக்குள் கொட்டிவிடுவார்கள். பழத்துக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். துவர்ப்பு இறங்காது, பழ வாசனை மட்டும் கொப்பளிக்கும். பீப்பாயே பார்க்காத இந்த ஒயினைச் சற்றுக் குளிரவைத்து, போட்ட ஓராண்டுக்குள் குடித்துத் தீர்த்துவிட வேண்டும். விலையும் சொற்பம். அங்கியானோ ஊரின் சிவப்பு மொச்சை போன்ற கப்பரோன் பயறு, சொரீசோ, பன்றிக்கறி போட்டுக் கொதிக்கும் பானைக்கும் இதே ஒயின்தான்.

லோக்ரோனியோவின் லவுரெல் தெருவில் மாலை ஏழு மணிக்கு மேல் நடக்க இடம் இருக்காது. கடைக்கு ஒரு பதார்த்தம். ஒரு கடையில் ஒரு வாய், ஒரு கோப்பை, அப்புறம் அடுத்த கடை. பக்கத்துச் சந்தில் இருக்கும் சொரியானோ கடையில் காளான் மட்டும்தான். பூண்டு எண்ணெயில் இரும்புத் தகட்டின் மேல் வாட்டிய மூன்று காளான், உச்சியில் ஒரு குட்டி இறால், அடியில் அந்தச் சாறையெல்லாம் உறிஞ்ச ஒரு துண்டு ரொட்டி. கூட்டத்தில் எல்லோரும் கிரியான்சா கேட்பார்கள், தவறில்லை. ஆனால் பூண்டில்லாத காளான், அதிலும் இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து வரும் காட்டுக் காளான், வெண்ணெயில் வதக்கியது, வெறும் உப்பு: இதுதான் இருபது வயது தாண்டிய கிரான் ரெசெர்வாவுக்கு அவர் தரும் முதல் தட்டு. பழைய ஒயினில் எழும் ஈர மண், சருகு வாசனையும் காளானின் வாசனையும் ஒரே குடும்பம். கறியே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். பெரிய பாட்டில் வாங்கியிருக்கிறோம், காளான் மட்டும்தானா என்று முகம் வாடும் விருந்தாளிகள் முதல் வாய்க்குப் பிறகு பேசுவதில்லை.

பழைய பாட்டில் திறப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் இரவே அதை நிமிர்த்தி வைத்துவிடுவார், மண்டி அடியில் இறங்கட்டும் என்று. திருகாணித் திறப்பானை எடுக்கவே மாட்டார். நனைந்து நொய்ந்த கார்க்கைத் திருகாணி பொடியாக்கிவிடும். இரண்டு மெல்லிய தகட்டுக் கால்கள் உள்ள கருவிதான் அவர் ஆயுதம். நீண்ட காலை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே நுழைத்து, பிறகு குட்டைக் காலை நுழைத்து, இப்படியும் அப்படியும் அசைத்து அசைத்து அடிவரை இறக்கி, முறுக்கிக்கொண்டே மேலே இழுப்பார். கார்க் முழுசாக வரும், அடி கருத்துப் போய். கழுத்தின் உள்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, கை நடுங்காமல் ஊற்றுவார். மண்டி தோள்பட்டை அருகே கருங்கோடாக வந்ததும் நிறுத்திவிடுவார். கோப்பையின் ஓரத்தில் நிறம் சிவப்பாக இருக்காது, செங்கல் நிறம். முதல் சில நிமிடம் பூட்டிய அறையின் நாற்றம் அடிக்கும்; அதை வைத்து ஒயின் கெட்டுப்போயிற்று என்று முடிவுகட்டக் கூடாது. அது கலைந்த பிறகு உலர்ந்த ஆரஞ்சுத் தோல், அத்தி, புகையிலை எல்லாம் ஒவ்வொன்றாக வரும். மிக வயதானவற்றை வாயகன்ற குடுவையில் ஊற்றிக் காற்று வாங்கவிட மாட்டார். வரும் வாசனை குடுவையிலேயே செலவாகிவிடும்.

சிவப்பு ஒயினுக்கு மீன் ஆகாது என்பது உலகம் முழுதும் சொல்லும் சொல். பாதி உண்மை. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கடல் சிப்பிச் சதையோடு ஒயின்களைச் சோதித்து, வாயில் தங்கும் அந்த மீன் நாற்றத்துக்கு ஒயினிலுள்ள இரும்புச் சத்துதான் காரணம் என்று காட்டினார்கள். இரும்பு கூடினால் நாற்றம் கூடும். எல்லாச் சிவப்பு ஒயினிலும் அது ஒரே அளவு இருப்பதில்லை. ரியோஹாக்காரர்கள் இந்த ஆய்வுக்கெல்லாம் முன்பிருந்தே உப்புக்கண்ட காட் மீனைத் தக்காளி, சுட்ட சிவப்பு மிளகாய்ப் பழத்தோடு சேர்த்துச் சமைத்து, இளம் சிவப்பு ஒயினோடு சாப்பிட்டு வருகிறார்கள். காட் மீனில் எண்ணெய் குறைவு. தக்காளியின் புளிப்பும் துணைக்கு நிற்கும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன் என்றால் அவரும் சிவப்பை எடுக்க மாட்டார்.

அவரைத் தோற்கடிப்பவை காய்கறிகள். கலஹோராவைச் சுற்றி விளையும் கூனைப்பூவைத் தின்ற பிறகு தண்ணீரே இனிக்கும்; ஒயின் எப்படியெப்படியோ மாறிவிடும். வெள்ளை அஸ்பராகஸ் கசப்பைக் கிளப்பிவிடும். வசந்தகாலக் காய்கறிக் கூட்டு மேஜைக்கு வரும்போது சிவப்பு பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு வியூரா திராட்சையில் ஆன வெள்ளை ஒயினையோ இளஞ்சிவப்பு ரோசே ஒயினையோ ஊற்றிவிடுவார். இதில் அவருக்குக் கௌரவப் பிரச்சினை எதுவும் கிடையாது.

காரம் இன்னொரு சிக்கல். ரியோஹாவின் சமையலில் மிளகாய் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் இனிப்பு வகை. விதிவிலக்கு ‘அலெக்ரியாஸ்’ என்ற பெயரில் எண்ணெயில் போட்டு வரும் மெல்லிய சிவப்பு மிளகாய். அதை விலாக்கறியின் மேல் வைத்துத் தின்னும் உள்ளூர்க்காரர்கள் உண்டு. காரம் நாக்கைப் பிடித்திருக்கும் நேரத்தில் ஒயினின் சூடு இரண்டு மடங்காகத் தெரியும், துவர்ப்பு கசக்கும், பழ வாசனை காணாமல் போகும். மிளகாய்க்குப் பழகிய நாக்குகளுக்கு அவர் யோசனை ஒன்றுதான்: ஓக் வாசனை இல்லாத, கர்நாச்சா கூடிய இளம் ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள், ரெசெர்வாவை வீணாக்காதீர்கள்.

குளிர்ச்சி என்றதும் சிலருக்குக் கோபம் வரும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று படித்திருப்பார்கள். அது கணப்பு வசதி குறைந்த அந்தக் கால ஐரோப்பிய வீட்டு அறை. எப்ரோ பள்ளத்தாக்கின் ஆகஸ்ட் மாத அறையல்ல. முப்பது டிகிரியில் ஊற்றினால் வருவது மதுவின் எரிச்சல் மட்டும். இளம் ஒயினுக்குப் பதின்மூன்று, கிரியான்சாவுக்கும் ரெசெர்வாவுக்கும் பதினாறு, கிரான் ரெசெர்வாவுக்குப் பதினேழு பதினெட்டு டிகிரி என்பது அவர் கணக்கு. கோடையில் ரெசெர்வா பாட்டிலைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் சற்று நேரம் இறக்கி வைப்பார். ஒரு முறை வெளியூர்க்காரர் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, இது ஷாம்பெயின் இல்லை ஐயா என்று கத்தினாராம். இவர் பதில் பேசாமல் வாளியில் வைக்காத பாட்டிலிலிருந்து ஒரு கோப்பையும் வைத்ததிலிருந்து ஒரு கோப்பையும் ஊற்றி முன்னால் வைத்தார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பாலாடைக்கட்டி வகையில் அவர் நீலம் பூத்தவற்றை ஒதுக்கிவிடுவார்; உப்பும் காட்டமும் ஒயினை நசுக்கும். பாஸ்க் நாட்டின் இதியாசபால், புகையிட்ட செம்மறியாட்டுப் பால் கட்டி, கிரியான்சாவுக்கு ஏற்றது. ரியோஹாவின் சொந்த ஆட்டுப்பால் கட்டியான கமெரானோவில் பழுத்த வகையை ரெசெர்வாவோடு தருவார். புதிய, மென்மையான வகைக்கு வெள்ளை ஒயின்தான்.

சில ரியோஹா பாட்டில்களைச் சுற்றிப் பொன்னிறக் கம்பி வலை இருக்கும். அதைப் பார்த்து ஏதோ விசேஷச் சரக்கு என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. ரிஸ்கல் நிறுவனத்தின் பெயர் பரவிய காலத்தில் அதன் காலி பாட்டில்களை வாங்கி மட்ட ஒயினை நிரப்பி விற்கும் கூட்டம் இருந்தது. பாட்டிலைத் திறந்தது தெரியவேண்டும் என்று போட்ட பூட்டு அந்த வலை. இன்று அது வெறும் அலங்காரம். அதற்காக ஒரு காசும் அதிகம் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் விருந்து வைப்பவருக்கு அவர் சொல்வது இவ்வளவுதான். ஆட்டுக்கறி சுடப்போகிறீர்கள் என்றால் நல்ல நிறுவனத்தின் ரெசெர்வா போதும். 2010, 2011 போல ஒழுங்குமுறைக் குழு ‘மிகச் சிறப்பு’ என்று மதிப்பிட்ட ஆண்டுகளின் கிரான் ரெசெர்வா கையிலிருந்தால் அதைக் காளானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் மிச்சமானால், கிரியான்சாவைக் கார்க் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளும் குடிக்கலாம். பழைய கிரான் ரெசெர்வா காலைவரை தாங்காது. அதை அன்றிரவே முடித்துவிடுங்கள்.